செட்டிநாட்டு இசைத்தட்டுக் குறிப்பேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டு ஊர்களில் வீடுகளுக்குள் இன்னும் இருக்கிற இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள், பாட்டுப் புத்தகங்களின் விவரத்தை ஊரார் சேர்ந்து ஒரே குறிப்பேட்டில் பதிந்து வருகிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். கல்யாண வீட்டிலும், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டிலும் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை ஒட்டியே இருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எங்க வீட்டு மாடியில பழைய பிளேட்டு ஒரு கட்டு கெடக்கு தம்பி. வந்து எடுத்துக்கிறீகளா?

வேண்டாம். தட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். குறிப்பேட்டுக்கு வேண்டியது விவரம் மட்டும்தான்: ஒவ்வொரு தட்டின் இரண்டு பக்க லேபிளுக்கும் தெளிவான படம், உறையின் படம், பெட்டி இருந்தால் அதன் படம். கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.

ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். மாடியிலிருந்து தட்டுகளைக் கீழே இறக்கி, வெயில் படாத அறையில் நிற்கவைத்து அடுக்குங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு கனம் தாங்காமல் விரிசல் விடும். சித்திரை வைகாசி வெக்கையில் மாடியில் கிடக்கும் தட்டு வளைந்தே போகும்.

2. பாட்டெல்லாம்தான் யூடியூப்பிலேயே கெடைக்குதே, அப்புறம் இது எதுக்கு?

பாட்டு கிடைக்கிறது. யார் பாடியது, எந்தக் கம்பெனி வெளியிட்டது, எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைப்பதும் ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்துப் போட்டதாக இருக்கிறது. நாடக மேடையில் ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை அதே காலத்தில் வேறு இருவர் தட்டில் பாடியிருப்பார்கள். கேட்கிறவர் மூன்றையும் அந்தப் புகழ்பெற்றவர் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார். மற்ற இருவர் பெயரும் அத்தோடு போய்விடுகிறது.

தட்டு கையில் இருக்கும்போதுதான் இதைச் சரிசெய்ய முடியும். லேபிளைப் படித்து எழுதி வைத்துவிட்டால், தட்டு உடைந்தாலும் அந்தப் பெயர் நிற்கும்.

3. ரெக்கார்டிங் எல்லாம் கல்கத்தாவிலயும் மெட்ராஸ்லயும் நடந்தது. செட்டிநாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் லண்டனிலிருந்து கல்கத்தா வந்து பதிவைத் தொடங்கியதும், 1908-ல் அங்கேயே தட்டு அச்சிடும் ஆலை வந்ததும் ஊரறிந்த கதை. ஆனால் தட்டு என்பது விற்றால்தான் தொழில். அதை வாங்கிக் கேட்ட ஊர்களில் நம் ஊர்களும் உண்டு. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் மற்ற சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்றார்கள். அந்தக் கடையில் வளர்ந்த அவர் மகன் மெய்யப்பன், விற்பதோடு நிற்காமல் நாமே தட்டு வெளியிட்டால் என்ன என்று சென்னைக்குப் போய் நண்பர்களோடு தொடங்கியதுதான் சரஸ்வதி ஸ்டோர்ஸ். தென்னிந்தியாவில் வந்த ஓடியன் கம்பெனித் தட்டுகளின் கதை அந்தக் கடையோடு சேர்ந்தது. பிறகு அவர் படத் தொழிலுக்குப் போனார், 1945-ல் ஏ.வி.எம். பிறந்தது. யுத்தத்தையொட்டிய மின்சாரக் கட்டுப்பாட்டினால் சென்னையில் ஸ்டூடியோ போட முடியாமல் சொந்த ஊரான காரைக்குடிக்கே வந்து, அதையொட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான்.

பாடியவர்கள் பக்கமும் பாருங்கள். இன்றைய கச்சேரி வரிசையை வகுத்துக் கொடுத்த அரியக்குடி ராமாநுஜ ஐயங்காரின் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீணையில் காரைக்குடி சகோதரர்கள் என்றால் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். இளையவர் 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். தமிழிலேயே பாட வேண்டும் என்ற கோரிக்கையை 1941-ல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டி இயக்கமாக்கியவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. தமிழ்ப் பாட்டுத் தட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும் ஒருவருக்கு இந்த ஆண்டுகள் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அங்கிருந்து தட்டும் பெட்டியும் வாங்கி வந்தார்கள். உறையில் ரங்கூன், பினாங்கு, கொழும்புக் கடை முத்திரை இருந்தால் அதையும் மறக்காமல் படம் எடுங்கள். ஒரு தமிழ்த் தட்டு எங்கெல்லாம் விற்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

4. ஒரு தட்டுக்கு என்னென்ன எழுதணும்? சுருக்கமா சொல்லுங்க.

கம்பெனிப் பெயர், லேபிளின் நிறம், பட்டியல் எண், அச்சு எண் (இரண்டும் என்ன என்பது அடுத்த பதிலில்), பாட்டின் முதல் வரி, பாடியவர் பெயர், ராகம் தாளம் போட்டிருந்தால் அது, இயற்றியவர் பெயர் போட்டிருந்தால் அது, பக்கவாத்தியம், தட்டின் அளவு பத்து அங்குலமா பன்னிரண்டா என்பது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. லேபிளில் இல்லாததை நீங்கள் ஊகித்து நிரப்ப வேண்டாம், காலியாக விடுங்கள். காலியான கட்டத்தைப் பார்த்துத் தெரிந்த ஒருவர் நாளைக்கு வந்து நிரப்புவார். தவறாக நிரப்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5. தட்டுல ரெண்டு மூணு நம்பர் இருக்கு. எது சரியான நம்பர்?

எல்லாமே சரிதான், ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. லேபிளில் பெரிதாக அச்சிட்டிருப்பது பட்டியல் எண். கடைக்காரர் அதைச் சொல்லித்தான் வரவழைப்பார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே எண் இருக்கும். அச்சு எண் என்பது ஒலிப்பதிவு நடந்த அன்று அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தது. பட்டியல் எண் மாறி மறுவெளியீடு வந்தாலும் அச்சு எண் மாறாது. அதனால்தான் ஆராய்கிறவர்கள் அதைத் தேடுகிறார்கள். இரண்டு வீட்டில் இரண்டு வேறு தட்டு என்று நினைத்திருந்தது ஒரே பதிவுதான் என்று தெரிவதும், ஒரே பாட்டு என்று நினைத்திருந்தது இரண்டு தடவை பாடிய இரண்டு பதிவு என்று தெரிவதும் இந்த எண்ணால்தான்.

சில தட்டுகளில் இது லேபிளிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். பல தட்டுகளில் பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் வருகிற வழவழப்பான கருப்பு வளையத்தில் இருக்கும். நேர் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துத் தட்டை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். சில எண் அச்சுக்குத்தியது போல ஒழுங்காக இருக்கும், சிலது ஆணியால் கீறியது போலக் கையெழுத்தாக இருக்கும். எண்ணுக்குப் பின்னால் தள்ளி ஒரு சிறு எழுத்தோ எண்ணோ இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அது எத்தனையாவது தடவை பாடிய பதிவு என்பதைச் சொல்லக்கூடும்.

சுண்ணாம்பு, பவுடர் தடவினால் நன்றாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், வரிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

6. லேபிள்ல பேரு தப்பாப் போட்டிருக்கு. திருத்தி எழுதலாமா?

முதல் கட்டத்தில் உள்ளது உள்ளபடி, தப்பும் தவறுமாகவே எழுதுங்கள். அடுத்த கட்டத்தில் இன்றைக்கு வழங்குகிற எழுத்தில் எழுதுங்கள். தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடினாலும் கிடைக்க வேண்டும். கல்கத்தாவில் லேபிள் அச்சிட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பாட்டின் முதல் வரி ஆங்கில எழுத்தில் என்னென்னவோ கோலத்தில் இருக்கும். அதே பிழை இன்னொரு லேபிளிலும் வந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் அச்சானவை என்று கண்டுபிடிக்கக்கூட அது உதவும்.

7. தட்டுல வருஷமே போடலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்தக் காலத் தட்டுகளில் பெரும்பாலும் ஆண்டு போடுவதில்லை. சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹானோவரில் அச்சானது என்று லேபிளில் இருந்தால் அது முதல் உலகப்போருக்கு முந்தையது. பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொன்னால் அதுவும் பழைய தட்டின் அடையாளம்; எந்தப் பாட்டு யாருடையது என்று தூரதேசத்து ஆலைக்காரனுக்குத் தெரிவதற்காகச் சொன்னது. மைக் வைத்துப் பதிவு செய்தது என்றால் 1925-க்குப் பிறகு. படப் பாட்டு என்றால் படம் வந்த ஆண்டு ஒரு பக்கம் கட்டிப்போடும். தமிழின் முதல் பேசும்படம் 1931 அக்டோபர் 31-ல் வந்த 'காளிதாஸ்'. கடைசி எல்லையைப் பொறுத்தவரை, மற்ற நாடுகள் 78 தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுவது) நிறுத்திய பிறகும் இந்தியாவில் 1960-களின் நடுப்பகுதியிலும் அச்சிட்டார்கள். ஆகவே 78 என்ற ஒன்றை மட்டும் வைத்து 'யுத்தத்துக்கு முந்தினது' என்று எழுதிவிடக் கூடாது.

பாடிய ஆண்டு, வெளியான ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் தட்டு அச்சான ஆண்டு மூன்றும் வேறு வேறு. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் காலமானார். அவர் பாடிய தட்டு எதுவானாலும் பதிவு அதற்கு முன்னால்தான். ஆனால் விற்றுக்கொண்டே இருந்த தட்டு என்பதால் உங்கள் வீட்டுப் பிரதி பத்து வருஷம் கழித்து அச்சானதாகவும் இருக்கலாம். மூன்று கட்டமும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். உறுதியான ஆண்டு இல்லையென்றால் '1931-க்குப் பின்', '1933-க்கு முன்' என்று எல்லையை எழுதுங்கள். அதுவும் முழுத் தகவல்தான்.

8. எங்க ஐயா சின்னப் பிள்ளையிலேயே இந்தப் பாட்டைக் கேட்டேன்னு சொல்வாக. படம் வந்ததோ அதுக்கு ரொம்பப் பின்னாடி. அப்ப ஐயா சொன்னது பொய்யா?

பொய் என்று யாரும் சொல்லவில்லை. பேசும்படம் வந்த முதல் பத்து ஆண்டுகளில் படங்கள் நாடகக் கொட்டகையிலிருந்தே கதையையும் பாட்டையும் எடுத்துக்கொண்டன. ஐயா கேட்டது மேடைப் பாட்டாக இருக்கலாம், அல்லது படத்துக்கு முன்னால் வந்த நாடகத் தட்டாக இருக்கலாம். அவர் சொன்னதை நம்பித் தேடினால் அந்தப் பழைய தட்டே கிடைக்கவும் கூடும்.

அதனால் நினைவுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. யார் சொன்னது (பெயர் வேண்டாம், உறவும் ஊரும் போதும்), எந்த வயதில் கேட்டது, எங்கே கேட்டது என்று அவர் பேச்சிலேயே எழுதுங்கள். லேபிளில் இருப்பதோடு அதைக் கலக்க வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். என்னைக் கேட்டால் குறிப்பேட்டில் மிக அவசரமான வேலை இந்தக் கட்டத்தை நிரப்புவதுதான். லேபிள் இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். கல்யாணத்தில் முகப்பில் கிராமபோன் பெட்டி வைத்து யார் சாவி கொடுத்தார்கள் என்று சொல்ல அவ்வளவு நாள் ஆள் இருக்காது.

9. ஒரே ஊர்ப்பேரு வச்ச வித்துவான்கள் நெறையப் பேரு இருக்காகளே, எப்படிப் பிரிக்கிறது?

லேபிளில் 'காரைக்குடி' என்று தொடங்கினால் வீணை சகோதரர்களாகவும் இருக்கலாம், மிருதங்க வித்துவான் காரைக்குடி மணியாகவும் இருக்கலாம். இந்த இரண்டும் எளிது. வாத்தியமும் காலமும் வேறு. சுப்பராமய்யர் காலமானது 1936-ல், மணி பிறந்ததே 1945-ல். சிக்கல் வருவது நாடக நடிகர்களிடமும் நாகஸ்வரக்காரர்களிடமும்தான். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே காலம். பெண்கள் பெயரிலும் கவனம் வேண்டும்: முதலில் 'மிஸ்' என்று வந்தவர் கல்யாணத்துக்குப் பிறகு 'ஸ்ரீமதி' என்று வருவார், தலைப்பெழுத்தும் மாறும்.

கலைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறந்து, அவர் பெயர் லேபிள்களில் வந்த எல்லா வடிவத்தையும் அங்கே சேர்க்கிறோம். இருவர் ஒருவர்தானா என்று சந்தேகம் இருக்கும்வரை இரண்டு பக்கமாகவே வைத்திருங்கள். பிரிந்திருப்பதைப் பின்னால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்துவிட்டதைப் பிரிப்பது என்றால் ஒவ்வொரு தட்டாகத் திரும்பப் பார்க்க வேண்டும்.

10. படத்துல நடிச்சவகதானே அந்தக் காலத்துல பாடுவாக? அவுக பேரையே போட்டுடலாமே?

போடக் கூடாது. 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்திலேயே நடித்தவர் ஒருவர், குரல் இன்னொருவர் என்று வந்துவிட்டது. அதில் பின்னணி பாடியவர் லலிதா வெங்கடராமன். 1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் ருக்மிணி நடித்த பாத்திரத்துக்குப் படம் வெளியான பிறகு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். இரண்டுமே மெய்யப்பன் எடுத்த படங்கள், நம் ஊர்க்காரர் செய்து பார்த்த புதுமைகள்.

அதோடு, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றேகால் நிமிடத்தோடு முடிந்துவிடும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பாட்டு அதில் அடங்காது. அதனால் தட்டுக்கென்று சரணத்தைக் குறைத்துத் தனியாகப் பாடிப் பதிவு செய்வதுண்டு; சில சமயம் படத்தில் பாடாதவரையே பாடவைத்தும் வெளியிட்டார்கள். படத்தில் கேட்டதை வைத்துத் தட்டின் விவரத்தை எழுத முடியாது என்பது இதனால்தான். இடமும் அப்படியே: மூன்றாவது பதிலில் சொன்ன காரைக்குடி ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள் என்பதற்காக அந்தப் பாட்டுத் தட்டுக்கும் பதிவிடம் காரைக்குடி என்று எழுதிவிடாதீர்கள்.

11. நாடக செட்டு ஒண்ணு இருக்கு. ஆனா எல்லாத் தட்டும் இல்லை, பாதிதான். அதுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. ஒரு நாடகத்தை நான்கைந்து தட்டில் பாகம் பாகமாக வெளியிட்டார்கள். லேபிளில் பாக எண் இருக்கும். உங்களிடம் இருக்கும் பாகங்களைப் பதியுங்கள். தேவகோட்டையில் ஒரு வீட்டில் முதல் பாகமும் புதுவயலில் ஒரு வீட்டில் மூன்றாம் பாகமும் இருந்தால், குறிப்பேட்டில் இரண்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். பங்கு பிரித்தபோது பிரிந்துபோன செட்டுகள் இப்படிச் சேர வழியிருக்கிறது, காகிதத்திலாவது. உடைந்த தட்டையும் தூக்கி எறியாதீர்கள். லேபிள் இருக்கும் துண்டை மட்டுமாவது வைத்திருங்கள்.

12. தட்டு ஒரே அழுக்கு. ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கலாமா?

கூடவே கூடாது. 78 தட்டு அரக்கில் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறோம்? சானிடைசர், தின்னர், சென்ட் எல்லாமே இதில் அடங்கும். துடைத்த இடம் பளபளப்புப் போய்ப் பால்வெள்ளையாகிவிடும், பாட்டு அந்த இடத்திலேயே அழிந்துவிடும்.

உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தூசியைத் தள்ளுங்கள். அதற்கும் போகவில்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தநீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி. லேபிளில் ஈரம் படக்கூடாது. நிழலில் உலரவிட்டுப் புதுக் காகித உறையில் போடுங்கள். பழைய உறையை எறியாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

13. பழைய பெட்டியிலேயே போட்டுக் கேக்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பழைய கிராமபோன் பெட்டியில் ஊசி மாட்டுகிற தலைக்குக் கனம் அதிகம், எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே விதி. தேய்ந்த ஊசியோடு ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாட்டு தூளாக வெளியே வரும். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் பெட்டியில் போட வேண்டாம். மின்சாரப் பிளேயரில் 78-க்கென்று விற்கும் பருமனான ஊசி மாட்டிப் போடுங்கள், பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசி அந்த வரிக்கு மெலிது, அடியில் கிடந்து உராயும்.

வேகத்தையும் பாருங்கள். 78 என்று பெயரே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை இல்லை. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். பாடியவரின் குரலே மாறித் தெரியும். நாடகப் பாட்டில் பின்னால் ஆர்மோனியம் இருந்தால் அது ஒரு பிடி: அதன் சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றால் வேகம் தப்பு என்று ஓரளவு சொல்லலாம். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று குறிப்பேட்டில் எழுத மறக்க வேண்டாம்.

14. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது கொரகொரப்பை எடுத்துடலாமா?

எடுக்காத பிரதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சுருக்காத வேவ் கோப்பு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மூன்று நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 எம்.பி. பிடிக்கும். இன்றைக்கு அது பெரிய இடமில்லை. அதிலிருந்து பிரதி எடுத்துக் கேட்பதற்காகச் சுத்தம் செய்யுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள் தம்புராவையும் ஜால்ராவையும் கூட இரைச்சல் என்று நினைத்துச் சேர்த்து எடுத்துவிடுகிறது. இன்னும் பத்து வருஷத்தில் இதைவிட நல்ல கருவி வரும். அப்போது மூலப்பிரதி இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

15. எங்க வீட்டுக் கல்யாண கேசட்டெல்லாம் இதுல சேருமா? அதுல ஒண்ணும் பெரிய வித்துவான் இல்லை.

சேரும். கம்பெனித் தட்டுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். உங்கள் கேசட்டுக்கு இருக்காது. உள்ளூர் நாகஸ்வரக்காரர், பழநிப் பாதயாத்திரையில் பாடிய காவடிப் பாட்டு, ஆயா (பாட்டி) பாடிய தாலாட்டு இவை எந்தக் கம்பெனியும் வெளியிடாதவை. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்திலிருந்தும் இலங்கை வானொலியிலிருந்தும் வீட்டில் பிடித்து வைத்த பதிவுகளும் அப்படித்தான். அறிவிப்பாளர் பேசியதையும் வெட்டாமல் சேர்த்து வையுங்கள், தேதியும் நிகழ்ச்சியும் அதில்தான் இருக்கும். கேசட்டின் முனையில் இருக்கும் சிறு தகட்டை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. முதலில் அதைச் செய்யுங்கள்.

16. ஆயா பாடின ஒப்பாரி டேப்புல இருக்கு. அதைப் பொதுவுல போடுறது சரியா?

இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒப்பாரியில் இறந்தவர் பெயர் வரும், வீட்டுச் சங்கதி வரும், யார் மீதாவது மனத்தாங்கல் வரும். பாடியவர் அதைச் சபைக்குப் பாடவில்லை. பாடியவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அந்த வீட்டுப் பெரியவர்களிடம், பதிவைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். 'ஒப்பாரிப் பதிவு ஒன்று உள்ளது, இன்ன ஊர், ஏறத்தாழ இன்ன காலம்' என்ற குறிப்பு மட்டும் போதும் என்று அவர்கள் சொன்னால் அவ்வளவுதான். ஒலி வீட்டிலேயே இருக்கட்டும். இன்றைக்குச் சரி என்று சொன்னவர் நாளைக்கு வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவோம், காரணம் கேட்பதில்லை.

17. காப்பிரைட் தகராறு வராதா?

விவரப் பட்டியலுக்கு வராது. எந்த எண், யார் பாடினார், எந்த ஆண்டு என்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத தகவல். ஒலியைப் பொதுவில் வைப்பதுதான் யோசிக்க வேண்டியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960-ல் வெளியான தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை தனி. அவர் காலமான பிறகு 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார், அவர் பாட்டுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கும். சிறுகூடல்பட்டியில் பிறந்த நம் கண்ணதாசனுக்கு 2041 வரை. தட்டு பழையது என்பதால் மட்டும் பாட்டு பொதுவாகிவிடாது. பாரதியார் பாட்டு விதிவிலக்கு: அதைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பன் வைத்திருந்து விட்டுக்கொடுத்தார், 1949-ல் அரசு நாட்டுடைமையாக்கியது.

சந்தேகம் என்றால் ஒலியைச் சேர்க்காமல் குறிப்பை மட்டும் சேர்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

18. முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்கின தட்டு. யார் வீட்டுதுன்னு தெரியாது. சேக்கலாமா?

தாராளமாக. காரைக்குடியின் அந்தப் பழம்பொருள் கடைகளுக்கு வராத சாமான் இல்லை. 'கடையில் வாங்கியது' என்று எழுதி, வாங்கிய ஆண்டைப் போடுங்கள். உறையிலோ பெட்டியிலோ வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள் எழுதியிருப்பார்கள், பாத்திரத்தில் வெட்டுவது போலவே. அதைத் தனிக்குறிப்பாக எங்களிடம் சொல்லுங்கள், பொதுவில் போட மாட்டோம். ஒரே விலாசம் போட்ட தட்டுகள் பல இடத்தில் இருந்தால் ஒரு வீட்டார் என்னென்ன கேட்டார்கள் என்று தெரியவரும்.

19. என்ன விலைக்குப் போகும்?

விலை இங்கே எழுதுவதில்லை. எந்தத் தட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். பாதி வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற ஊர் நம்முடையது.

20. நான் எழுதினது ஒண்ணு, இன்னொருத்தர் வந்து மாத்திட்டாரு. யாரு சொல்றது செல்லும்?

ஆள் செல்லாது, ஆதாரம் செல்லும். லேபிள் படம் இருந்தால் அதற்கு முதலிடம். அடுத்து கம்பெனி விலைப்பட்டியல், அந்தக் காலப் பத்திரிகை விளம்பரம், பாட்டுப் புத்தகம். அதற்குப் பிறகு நினைவு. மாற்றுகிறவர் எதைப் பார்த்து மாற்றினார் என்று ஒரு வரி எழுதாவிட்டால் பழையதே திரும்ப வந்துவிடும். இரண்டு ஆதாரம் ஒன்றோடொன்று மோதினால் இரண்டையும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். மூத்தவர் சொன்னார் என்பதற்காக லேபிளை மறைப்பதில்லை. லேபிள் இருக்கிறது என்பதற்காக மூத்தவர் சொன்னதை அழிப்பதும் இல்லை (எட்டாவது பதில்).

21. நீங்கள்லாம் இதை விட்டுட்டா அம்புட்டும் போயிருமே?

சரியான கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டியது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு ஆளாக நின்று புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமானதும் அதெல்லாம் சிதறாமல் நின்றதற்குக் காரணம், சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி 1994-ல் சென்னையில் நூலகமாக்கியது. எல்லாச் சேகரிப்புக்கும் அப்படி ஒரு கை வந்து பிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அதனால் குறிப்பேட்டின் முழுப் பிரதி எப்போதும் மூன்று பேரிடம், மூன்று வேறு ஊர்களில் இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர். எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் அட்டவணையாகவே வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை காகிதத்தில் அச்சிட்டுக் கேட்கிற நூலகத்துக்குக் கொடுக்கிறோம். உங்கள் வீட்டு விவரத்தின் அச்சுப்படி உங்களுக்கும் வரும். அதைத் தட்டுக் கட்டோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.